ஆர்கேட் பெட்டிக்கு ஜாய்ஸ்டிக், பட்டன் வாங்கப் போகிறீர்களா?

வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவுடன் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "இதில் என்ன கேம் இருக்கு?" என்பதுதான். நாமும் ஏதாவது ஒரு கேமைப் போட்டுக் கொடுத்துவிட்டு கீபோர்டை அவர்கள் கையில் தருகிறோம். ஆனால் அந்த கேம்களில் பல கீபோர்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பொருட்காட்சிகளிலும் மால்களிலும் காசு போட்டு, நின்றபடி ஆடும் உயரமான பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். சாய்வான பலகையில் ஒரு குச்சியும் நாலைந்து வட்டமான பட்டன்களும் இருக்கும். அதுதான் ஆர்கேட் கேபினெட். அந்தப் பெட்டிக்காகப் பிறந்த விளையாட்டுகளைத்தான் நாம் கம்ப்யூட்டரில் ஆடிக் கொண்டிருக்கிறோம்.

தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களில் 'முஸ்தபா கேம்' என்று பெயர் வாங்கிய விளையாட்டு உங்களுக்கு நினைவிருக்கலாம். அதன் நிஜப் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. ஜப்பானைச் சேர்ந்த கேப்காம் நிறுவனம் 1993-ல் ஆர்கேட் பெட்டிக்காக அதை வெளியிட்டது. அதில் வரும் நான்கு வீரர்களில் ஒருவன் முஸ்தபா கெய்ரோ. நம் ஊரில் அவன் பெயரே கேமின் பெயராகிவிட்டது. மூன்று பேர் சேர்ந்து ஆடலாம். ஆளுக்கு ஒரு ஸ்டிக், இரண்டு பட்டன். ஒன்று அடிக்க, ஒன்று குதிக்க. அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஒரு பெட்டியை வீட்டிலேயே செய்யலாம். உள்ளே வைக்கப் போவது உங்களிடம் உள்ள அதே கம்ப்யூட்டர்தான். மானிட்டரும் இருக்கிறது. மரவேலையைத் தச்சர் பார்த்துக் கொள்வார். ஸ்டிக்கையும் பட்டனையும் மட்டும் நாம்தான் தேர்ந்தெடுத்து வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

கீபோர்டே போதாதா?

சேலத்துக்குத் தெற்கே பனமரத்துப்பட்டியில் என் அக்கா வீடு இருக்கிறது. விசைத்தறிக்காரர்களுக்கு பில் என்ட்ரி போட்டுக் கொடுப்பது அக்காவின் வேலை. வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். கோடை விடுமுறையில் அக்காவின் மூன்று பிள்ளைகளும் அதில் மூவர் ஆடும் ஒரு அடிதடி கேமை ஆடுவார்கள். விடுமுறை முடிவதற்குள் அம்புக்குறி கீகள் தேய்ந்து, கன்ட்ரோல் கீ அழுத்தினால் மேலே வராமல் சிக்கிக் கொள்ளும். அதற்குப் பிறகு அக்காவின் வேலை எப்படி நடக்கும்? புது கீபோர்டு வரும்வரை பில்கள் நிற்கும். தறிக்காரர்கள் போன் மேல் போன் போடுவார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கடைக்குட்டிக்கு ஏழு வயது. "நான் அழுத்தினேன் மாமா, அது அடிக்கவே இல்லை" என்று அடிக்கடி அழுவாள். "உனக்கு ஆடத் தெரியலை" என்று அண்ணன்கள் இருவரும் அவளை விலக்கி வைத்துவிட்டார்கள். அவள் சொன்னது முழுக்க உண்மை. அவள் அழுத்தியதை கீபோர்டுதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லவில்லை.

காரணம் எளிது. கீபோர்டுக்குள் ஒவ்வொரு கீக்கும் தனி ஒயர் கிடையாது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும். இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் ஒரு கீ இருக்கும். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள கீகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், நான்காவது மூலையில் உள்ள கீயும் அழுத்தப்பட்டது போலவே மின்சாரம் பாயும். எது நிஜம், எது பொய் என்று கீபோர்டுக்குத் தெரியாது. அதனால் சாதாரண கீபோர்டுகள் கடைசியாக வந்த கீயை ஏற்காமல் விட்டுவிடும். இதை ஆங்கிலத்தில் 'கோஸ்டிங்' என்பார்கள். ஒருவர் டைப் செய்யும்போது இது தெரியாது. மூன்று பேர், முப்பது விரல்கள் என்றால் தெரியும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். நோட்பேடைத் திறந்து கொள்ளுங்கள். ஐந்தாறு எழுத்து கீகளை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். வேறு வேறு கீகளைச் சேர்த்து அழுத்திப் பார்த்தால், சில சமயம் சில எழுத்துகள் திரையில் வரவே வராது.

ஆர்கேட் பட்டனில் இந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஒயர். யார் அழுத்தினாலும் பதிவாகும். அக்காவின் கீபோர்டும் அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

உள்ளே இருப்பது என்ன?

உங்கள் மவுசின் இடது பட்டனைக் கிளிக் செய்யுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதல்லவா? அது மைக்ரோ ஸ்விட்ச் என்ற சின்னஞ்சிறு சுவிட்சின் சத்தம். உள்ளே வளைந்த உலோகத் தகடு ஒன்று இருக்கும். குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் அது சட்டென்று மறுபக்கம் தாவும். மைக்ரோவேவ் அவனின் கதவு மூடியிருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வகை சுவிட்ச்தான்.

ஆர்கேட் ஸ்டிக்கின் அடியில் இவை நான்கு இருக்கும். மேல், கீழ், இடது, வலது என்று பக்கத்துக்கு ஒன்று. ஸ்டிக்கைச் சாய்த்தால் அந்தப் பக்கத்து சுவிட்ச் அழுத்தப்படும். மூலைவாட்டில் சாய்த்தால் இரண்டு சுவிட்சுகள் ஒன்றாக அழுத்தப்படும். ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே ஒரு சுவிட்ச் இருக்கும். மேலே இருக்கும் பளபளப்பு, வண்ணம், விளக்கு எல்லாம் அலங்காரம். உங்கள் பணம் போக வேண்டிய இடம் இந்த சுவிட்ச்.

முதலில் கேமைத் தீர்மானியுங்கள்

பலர் முதலில் ஸ்டிக்கை வாங்கிவிட்டுப் பிறகு கேமைத் தேடுகிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். வீட்டில் உண்மையில் ஆடப் போகும் ஐந்து விளையாட்டுகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை பட்டன், எத்தனை திசை என்று பக்கத்தில் குறியுங்கள். உதாரணத்துக்குச் சில:

பேக்மேன், 1980: நான்கு திசை ஸ்டிக் மட்டும். ஆட்டத்துக்குப் பட்டனே தேவையில்லை.

டான்கி காங், 1981: நான்கு திசை, ஒரு பட்டன்.

கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், 1993: எட்டு திசை, இரண்டு பட்டன்.

மெட்டல் ஸ்லக், 1996: எட்டு திசை, மூன்று பட்டன். சுட, குதிக்க, குண்டு வீச.

டெக்கன் 3, 1997: எட்டு திசை, நான்கு பட்டன்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2, 1991: எட்டு திசை, ஆறு பட்டன். மூன்று குத்து, மூன்று உதை.

பட்டியலில் சண்டை கேம் இருந்தால் ஆளுக்கு ஆறு பட்டன் வேண்டும். இல்லாவிட்டால் மூன்று அல்லது நான்கு தாராளம். 'எதற்கும் இருக்கட்டும்' என்று எட்டு பட்டன் வைத்தால், சின்னப் பிள்ளைகளுக்கு எதை அழுத்துவது என்றே புரியாது. கார் ஓட்டும் கேம்களுக்கு ஸ்டீயரிங்கும், சென்டிபீட் போன்றவற்றுக்கு உருட்டும் பந்தும்தான் சரி. அவற்றை ஸ்டிக்கில் ஆட வைக்க முயல வேண்டாம்.

நான்கு திசையா, எட்டு திசையா?

எட்டு திசை ஸ்டிக்கில் பேக்மேன் ஆடிப் பாருங்கள். திருப்பத்தில் மேலே தள்ளுவதாக நினைப்பீர்கள். கை லேசாக மூலைக்குப் போயிருக்கும். மேல், வலது இரண்டும் ஒன்றாகப் பதிவாகும். கேம் குழம்பும். பேய் உங்களைப் பிடித்துவிடும். நான்கு திசை ஸ்டிக்கிலோ ஸ்ட்ரீட் ஃபைட்டர் போன்ற கேம்களை ஆடவே முடியாது.

இதைத் தீர்மானிப்பது ஸ்டிக்கின் அடியில் உள்ள 'கேட்' என்ற தகடு. ஸ்டிக் எதுவரை சாயலாம் என்று கட்டுப்படுத்தும் ஓட்டை அதில் இருக்கும். சதுர ஓட்டை என்றால் நான்கு மூலைகளும் கைக்குத் தெளிவாகத் தட்டுப்படும். எட்டுக் கோண ஓட்டை என்றால் எட்டு திசையும் தட்டுப்படும். சில மாடல்களில் இந்தத் தகட்டைக் கழற்றித் திருப்பி மாட்டினால் எட்டு திசை நான்காக மாறிவிடும். வாங்கும் முன் இந்த வசதி உண்டா என்று கேளுங்கள். இரண்டு வகை கேமும் ஆடும் வீட்டுக்கு இதுதான் சிக்கனம்.

எந்தக் கம்பெனி ஸ்டிக்?

இரண்டு பரம்பரைகள் உண்டு. ஜப்பானிய வகையின் தலையில் உருண்டை இருக்கும். லேசாகத் தொட்டாலே நகரும். சன்வா, செய்மிட்சு இரண்டும் அங்கே பெயர் பெற்ற கம்பெனிகள். சன்வாவின் ஜே.எல்.எஃப். மாடலும் செய்மிட்சுவின் எல்.எஸ். 32 மாடலும் அதிகம் பேசப்படுபவை. அமெரிக்க வகையின் தலை கிரிக்கெட் மட்டையின் பிடிபோல நீண்டிருக்கும். கொஞ்சம் கனமாக நகரும். முரட்டுத்தனமாக ஆடினாலும் தாங்கும். ஹாப் என்ற பெயரில் அறியப்படுபவை இந்த வகை.

நம் ஊரில் ஆன்லைனில் கிடைப்பவை பெரும்பாலும் இவற்றைப் பார்த்துச் சீனாவில் செய்யப்படும் நகல்கள். ஒரு ஸ்டிக், சில பட்டன், ஒரு போர்டு, ஒயர் என்று செட்டாக வரும். அக்கா வீட்டுக்கு நான் வாங்கிய செட்டுகள் தலா ரூ. 2,000-ஐ ஒட்டி வந்தன. நிஜ சன்வா ஸ்டிக் ஒன்றை மட்டும் வாங்கவே அதற்கு மேல் ஆகலாம். முதல்முறை செய்பவருக்கு நகல் செட்டே போதும். ஆனால் ஜே.எல்.எஃப். ஸ்டிக்கின் அதே அளவில், ஐந்து பின் கனெக்டர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நாளைக்கு நல்ல ஸ்டிக் வாங்கினாலும் அதே துளையில், அதே ஒயரில் பொருந்தும்.

சிறு குழந்தைகள் ஆடுவதாக இருந்தால் ஜப்பானிய வகையே நல்லது. கனமான ஸ்பிரிங் உள்ள ஸ்டிக்கை ஏழு வயதுக் குழந்தை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளும். அப்புறம் பட்டனை யார் அழுத்துவது? எங்கள் கடைக்குட்டிக்கு லேசான ஸ்டிக்கைப் போட்ட பிறகுதான் அவளுடைய வலது கை பட்டனுக்கு வந்தது. இப்போது அண்ணன்களுக்கு முன்னால் போய்ச் சண்டை போடுகிறாள்.

பலகையின் கனம்

கட்டுரையில் இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். வாங்கிய பட்டன் பலகையில் உட்காராமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஜப்பானிய பட்டன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பக்கவாட்டில் சின்னக் கொக்கிகள் கொண்டது. துளையில் வைத்து அழுத்தினால் 'டக்' என்று மாட்டிக் கொள்ளும். இது மெல்லிய உலோகத் தகட்டுக்கும் அக்ரிலிக் ஷீட்டுக்கும் ஏற்றது. 18 மி.மீ. பிளைவுட்டில் அந்தக் கொக்கி அடிப்பக்கம் வரை எட்டவே எட்டாது. இன்னொன்று, மரை போட்டு அடியிலிருந்து நட்டு முறுக்கும் வகை. மரப்பலகைக்கு இதுதான். அதிலும் மரையின் நீளம் உங்கள் பலகையின் கனத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். அமெரிக்க வகைப் பட்டன்களின் உடல் நீளமானது. 18 மி.மீ. பிளைவுட்டிலும் உட்காரும்.

ஸ்டிக்குக்கும் இதே கதைதான். கனமான பலகையின் அடியில் மாட்டினால் ஸ்டிக்கின் பெரும்பகுதி மரத்துக்குள்ளேயே போய்விடும். மேலே குட்டையாகத்தான் தெரியும். அடிப்பக்கம் ஸ்டிக் உட்காரும் அளவுக்கு மரத்தைக் குடைந்து எடுக்க வேண்டும். அல்லது கன்ட்ரோல் பலகைக்கு மட்டும் மெல்லிய பலகையைப் பயன்படுத்தி, அடியில் சட்டம் கொடுத்து உறுதிப்படுத்த வேண்டும்.

துளையின் அளவையும் தச்சரிடம் எழுதியே கொடுங்கள். ஜப்பானிய பட்டனுக்கு 30 மி.மீ., சின்ன ஸ்டார்ட் பட்டனுக்கு 24 மி.மீ., அமெரிக்க வகைக்கு ஏறத்தாழ 28.5 மி.மீ. அலமாரிக் கதவின் கீல் பொருத்த எல்லாத் தச்சரிடமும் 35 மி.மீ. பிட் இருக்கும். 'கிட்டத்தட்ட அதே அளவுதானே' என்று அதைப் போட்டுவிட்டால் பட்டன் துளைக்குள் விழுந்துவிடும். பலகையும் போச்சு. ஒரு பட்டனை நேரில் கொண்டு போய்க் காட்டி, கழிவுப் பலகையில் ஒரு துளை போட்டுப் பார்ப்பது உத்தமம்.

அட்டையில் ஒத்திகை

மரத்தைத் தொடும் முன் ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி, பலகையின் அளவில் வையுங்கள். ஆடப் போகிறவரின் வலது கையை இயல்பாக அதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். விரல் நுனிகள் எங்கே படுகின்றனவோ அங்கே பேனாவால் குறியுங்கள். பட்டன்கள் நேர்கோட்டில் வராது. விரல்களின் வளைவில்தான் வரும். அதுவே சரி. இரண்டு பட்டன்களின் மையங்களுக்கு இடையே 36 மி.மீ. இருந்தால் நெருக்கடி இருக்காது. அட்டையிலேயே துளை போட்டு, பட்டனை மாட்டி, ஒரு நாள் ஆடிப் பாருங்கள். மூன்று பேர் ஆடும் பலகை என்றால் அந்த மூவரையும் அட்டையின் முன் நிற்க வைத்து, தோளோடு தோள் இடிக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரோடு இணைப்பது எப்படி?

பட்டனிலிருந்து வரும் ஒயரை நேராக கம்ப்யூட்டரில் செருக முடியாது. நடுவில் 'என்கோடர்' என்ற சிறு போர்டு வேண்டும். செட்டுகளோடு வருவது பெரும்பாலும் 'ஜீரோ டிலே' என்ற பெயரில் விற்கப்படும் யு.எஸ்.பி. போர்டு. தாமதமே இல்லை என்பது விற்பனைக்கான பெயர். எந்தப் போர்டிலும் சிறிது தாமதம் உண்டு. வீட்டு ஆட்டத்துக்கு அது தெரியாது. ஒயர்கள் செருகும் வகையில் இருப்பதால் சால்டரிங் தேவையில்லை. ஒரு போர்டு ஒருவருக்கு. மூன்று பேர் என்றால் மூன்று போர்டு, மூன்று யு.எஸ்.பி. போர்ட். இங்கிலாந்தின் அல்டிமார்க் செய்யும் ஐ-பேக் போர்டு இன்னொரு வகை. பட்டனை அழுத்தினால் கீபோர்டில் கீ அழுத்தியது போல கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒரே போர்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் ஆடலாம். விலை அதிகம்.

கவனிக்க வேண்டியவை நான்கு.

ஒன்று: தனியாகத் தெரியும் மைக்ரோ ஸ்விட்சில் மூன்று கால்கள் இருக்கும். நமக்கு வேண்டியவை 'காமன்', 'நார்மலி ஓப்பன்' இரண்டு மட்டுமே. மாற்றிச் செருகினால் அழுத்தாதபோதே அழுத்தியதாகக் காட்டும்.

இரண்டு: ஒயரின் முனையில் உள்ள கிளிப்பின் அகலம் பட்டனின் காலுக்குப் பொருந்த வேண்டும். 2.8 மி.மீ., 4.8 மி.மீ. என்று இரண்டு அளவு உண்டு. பட்டனையும் ஒயரையும் வேறு வேறு இடத்தில் வாங்கினால் இதை மறவாதீர்கள்.

மூன்று: விளக்கு எரியும் பட்டன் வாங்கினால் 5 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள். யு.எஸ்.பி. தருவது 5 வோல்ட். 12 வோல்ட் பட்டனை அதில் இணைத்தால் மங்கலாக எரியும் அல்லது எரியவே எரியாது. அதற்காக 230 வோல்ட் மின்சாரத்தைப் பலகைக்குள் கொண்டு வரவே வேண்டாம். குழந்தைகள் கை வைக்கும் இடம் அது.

நான்கு: ஒரே மாதிரியான மூன்று போர்டுகளை கம்ப்யூட்டரால் எளிதில் பிரித்தறிய முடியாது. சில சமயம் முதல் ஆளும் இரண்டாம் ஆளும் இடம் மாறிவிடுவார்கள். எந்த ஒயர் எந்தப் போர்ட்டில் என்று ஸ்டிக்கர் ஒட்டி, எப்போதும் அதே போர்ட்டில் செருகுங்கள்.

ஆட்ட பட்டன்களைத் தவிர, காசு போடுவதற்குப் பதிலாக ஒரு 'காயின்' பட்டனும் ஆளுக்கு ஒரு 'ஸ்டார்ட்' பட்டனும் வேண்டும். இவற்றைக் கை தவறிப் படாத இடத்தில், பலகையின் மேல்விளிம்பில் வையுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

போர்டை இணைத்ததும் விண்டோசின் ஸ்டார்ட் மெனுவில் 'செட் அப் யுஎஸ்பி கேம் கன்ட்ரோலர்ஸ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். வரும் விண்டோவில் உங்கள் போர்டைத் தேர்ந்தெடுத்து 'பிராப்பர்ட்டீஸ்' கிளிக் செய்யுங்கள். பட்டனை அழுத்தினால் அதற்குரிய எண் ஒளிரும். ஸ்டிக்கை அசைத்தால் கூட்டல் குறி நகரும். மேலே தள்ளும்போது கீழே போனால் ஸ்டிக் தலைகீழாகத் திருப்பி மாட்டப்பட்டிருக்கலாம்.

பழைய ஆர்கேட் கேம்களை கம்ப்யூட்டரில் ஓட்டும் புரோகிராம்களில் முக்கியமானது 'மேம்'. இத்தாலியைச் சேர்ந்த நிக்கோலா சால்மோரியா 1997-ல் வெளியிட்டது. இன்றும் இலவசம். அதில் டேப் கீயை அழுத்தினால் மெனு வரும். எந்த பட்டன் எந்த வேலை என்பதை அங்கே மாற்றலாம்.

ஆனால் புரோகிராம் இலவசம் என்பதால் கேம்களும் இலவசம் என்று எண்ண வேண்டாம். அவற்றின் உரிமை அந்தந்தக் கம்பெனிகளிடம் உள்ளது. ராபி ரோட்டோ, கிரிட்லீ போன்ற சில கேம்களை மட்டும் வணிக நோக்கமின்றிப் பயன்படுத்த உரிமையாளர்கள் அனுமதித்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்க நினைத்தால், ஃபைனல் ஃபைட், கேப்டன் கமாண்டோ உள்ளிட்ட ஏழு கேம்களின் தொகுப்பை கேப்காம் 2018-ல் வெளியிட்டது. அதில் முஸ்தபா இல்லை. புதிய தொகுப்புகள் சில ஜீரோ டிலே போர்டைக் கண்டுகொள்ளாது. ஸ்டீம் மூலம் வாங்கியிருந்தால் அதன் கன்ட்ரோலர் செட்டிங்ஸில் போர்டைப் பதிவு செய்யலாம்.

பழுது வந்தால்?

ஸ்டிக் தளர்ந்தாலோ ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யாவிட்டாலோ முழுதாகத் தூக்கி எறிய வேண்டாம். தனித்தனி மைக்ரோ ஸ்விட்ச் உள்ள மாடல்களில் கெட்டதை மட்டும் மாற்றலாம். அதே அளவு மட்டும் போதாது, எத்தனை கிராம் அழுத்தத்தில் வேலை செய்யும் என்பதும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பலகையைப் பெட்டியோடு ஆணி அடித்து மூடாமல், கீல் வைத்துத் திறக்கும்படி செய்யச் சொல்லுங்கள். பழுது பார்க்கும் நாளில் தச்சரை மீண்டும் கூப்பிட வேண்டியிருக்காது.

வாங்கும் வரிசை

ஐந்து கேம்களின் பட்டியல், அதிலிருந்து பட்டன் எண்ணிக்கையும் திசைகளும், ஆடுபவரின் வயதுக்கு ஏற்ற ஸ்டிக், பலகையின் கனம், அதற்கு ஏற்ற பட்டன், கடைசியாக என்கோடர். இந்த வரிசையில் போனால் வாங்கியது எதுவும் வீணாகாது. பலகையைத் தச்சரிடம் கொடுப்பது எல்லாப் பொருளும் கைக்கு வந்து, அட்டையில் மாட்டி ஆடிப் பார்த்த பிறகுதான். முதலில் ஒருவருக்கான செட் மட்டும் வாங்கி, அட்டைப்பெட்டியில் மாட்டி ஒரு வாரம் ஆடிப் பாருங்கள். பிள்ளைகள் அதை விடாமல் ஆடினால் அடுத்த செட்டுக்கு ஆர்டர் போடலாம்.